யார் வந்தாலும் சூப்பு

பால் டேங்கர் ஓட்டும் டூல்சி பெத்தன்கூர் வாயைத் திறந்தால் அவள் வண்டி ஹாரன் தோற்றுப்போகும். அப்பேர்ப்பட்டவளிடம்தான் எங்கள் பரிசுத்த ஆவித் திருவிழாவின் ஃபேஸ்புக் பக்கத்தை ஒப்படைத்தார் அவளுடைய சித்தப்பா அவெலினோ, எங்கள் சங்கத் தலைவர். அதுவரை அவரே பார்த்துக்கொண்டார். வருஷா வருஷம், விழா ஊர்வலத்தில் கொண்டுபோகும் வெள்ளிக் கிரீடத்தின் படம், கீழே ஒரு ஜெபம். எப்படியும் வரப்போகிற சொந்தக்காரர்கள் மட்டும் அதைப் பார்த்தார்கள். போன வருஷம் பாதி மண்டபம் காலி. மிஞ்சிய விருந்துச் சூப்பைப் பன்றிகளுக்குக் கொட்டியபோது, சமைத்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் மண்டபத்தைப் பூட்டுவதென்று சங்கம் முடிவெடுத்தது.

டூல்சி கிரீடத்தின் பக்கமே போகவில்லை. நான் அண்டாவைக் கிளறுவதைப் படம் பிடித்தாள். மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், ஆவியில் துவளும் புதினா. "ஞாயித்துக்கிழமை வாங்க. காசு வேண்டாம். நீங்க யாரு, எந்தச் சாமி கும்பிடறீங்கன்னு கேக்கமாட்டோம். பசியோட வந்தாப் போதும்!"

பொய்யொன்றும் இல்லை. விழாவன்று வந்தவரைச் சூப்பு இல்லையென்று திருப்பி அனுப்பக் கூடாது. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து எங்கள் முன்னோர் இங்கே வந்த நாள்முதலாய் எங்கள் நேர்ச்சை அது. அதை இத்தனை காலம் எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் கலிபோர்னியா முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஞாயிறன்று வரிசை மண்டபத்தைத் தாண்டி, பாதாம் தோப்பையும் தாண்டி நின்றது. நண்பகலுக்குள் அண்டாவில் அடி தெரிந்தது.

"கேட்டைச் சாத்துடி! இனிமே நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான்" என்றார் அவெலினோ. முகம் வெளிறியிருந்தது.

"சாத்துனா நேர்ச்சை என்னாவுறது சித்தப்பா?"

"அதை உன் ஃபோன்கிட்ட கேளு!"

கேட்டாள். அங்கேயே நின்று, அடி தெரியும் அண்டாவைக் காட்டி, நேரலையில் பேசினாள். "பக்கத்து ஊர் மண்டபத்துக்காரங்களே, சூப்பு தீரப்போகுது. உங்க விழா அடுத்த வாரம்தானே? வாங்கிவச்ச இறைச்சி இருந்தா இப்பவே சூப்பு வச்சு எடுத்துட்டு வாங்க."

அவெலினோ தலையில் கைவைத்துக்கொண்டார். மாட்டுச் சந்தையில் மூண்ட ஏதோ சண்டைக்குப் பிறகு அந்த ஊர்த் தலைவர் ஹொராசியோவோடு அவருக்குப் பேச்சே கிடையாது. டூல்சியோ ஒன்றும் நடக்காததுபோல் ரொட்டி நறுக்கினாள். திமிர் பிடித்தவள் என்று திட்டிக்கொண்டே நானும் பக்கத்தில் நின்று நறுக்கினேன்.

பிற்பகலில் ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்து ஊர் லாரிகள் வந்தன. முதல் சூப்பு அண்டாவை ஹொராசியோ தானே இறக்கினார்.

"உன் சூப்புல தண்ணி ஜாஸ்தின்னு அப்பவே சொன்னேனே, அவெலினோ."

"வாயை மூடிட்டுக் கரண்டியை எடுடா."

மாலைவரை பரிமாறினோம். ஒருவரும் பசியோடு போகவில்லை. கடைசிக் கிண்ணம் தலைவருக்கு; அது எங்கள் வழக்கம். அவெலினோ அப்பாடா என்று உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார். அப்போது கேட்டில் ஒரு பாதாம் தோப்புக் கூலியாள், தொப்பியைக் கையில் பிடித்தபடி, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

அண்டா காலி. டூல்சி கரண்டியால் அடியைச் சுரண்டிப் பார்த்தாள்.

அவெலினோ எழுந்து, தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டு, கிண்ணத்தை முன்னால் வைத்தார். டூல்சியின் கை ஃபோனுக்குப் போனது.

"ஃபோனை உள்ள வைடி," என்றார் அவெலினோ. "மனுஷன் சாப்பிடட்டும்."