கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

நாற்காலியில் உட்கார்ந்தே சோம்பிப்போன இடுப்போடு, அடையாறு உடற்பயிற்சி அறையில் ஒற்றைக் காலில் நின்றேன். தள்ளாடியதும் சுவரோரக் கம்பியைப் பிடித்தேன்.

"கம்பிய விடுங்க மேடம். இடுப்போட பக்கத்துல இருக்கற தசைதான் உங்கள சாயாம நிறுத்தணும்" என்ற பயிற்சியாளர், கால் மாற்றச் சொல்லி விசில் ஊதினார்.

அந்தச் சத்தம் என்னை மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகும் பழைய பஸ்ஸில் ஏற்றிவிட்டது. அப்பா அதில் கண்டக்டர். பள்ளி லீவில் நானும் கூடப் போவேன். டீசலும் மல்லிகையும் வியர்வையும் மணக்கும் நெரிசலில், அப்பாவின் ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை. அவர் எதையும் பிடித்துக்கொண்டதே இல்லை. முழங்காலை லேசாக மடக்கி நிற்பார். பஸ் வளைந்தால் இடுப்பு மட்டும் போய்த் திரும்பும், தோள் அசையாது.

ஒருநாள் லஸ் முனையில் போட்ட பிரேக்கில் எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா ஒருவர் அப்பாவின் முதுகில் வந்து மோதினார். அப்பா நகரவில்லை.

"இன்னாம்மா, உங்க நைனா இடுப்புல ஸ்பிரிங் எதுனா கீதா?" என்று அந்தம்மா என்னைக் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பயிற்சி முடிந்து வெளியே வந்தேன். எனக்குத் துணையாக வந்திருந்த அப்பா, எழுபத்தாறு வயதில், சுவரைத் தொடாமல் ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அவரு யாரு மேடம்?"

"எங்கப்பா. கண்டக்டர்" என்றேன், உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.