சனிக்கிழமை ஊசி, வெள்ளிக்கிழமை எண்ணெய்

நீங்கள் பொய் எழுதினீர்கள் டொக்டர். பட்டங்கள் எல்லாம் அச்சடித்த தாளில், கையெழுத்தும் வைத்து எழுதினீர்கள். என் கண் இமை விழுந்ததற்கு உங்கள் ஊசி காரணமில்லை, ஊசி போட்ட அன்று மாலையே நான் தலைக்கு எண்ணெய் தேய்த்து முழுகியதுதான் காரணம் என்று எழுதினீர்கள். அந்தத் தாளால் என் வேலை போனது.

போரின் கடைசி ஆண்டுகள் அவை. கண்டி நகரத்தில் ஒரு கைத்தொலைபேசிக் கம்பனியின் கவுண்டரில் நான் இருந்தேன். சிம் வாங்க வருகிறவரின் அடையாள அட்டையை வாங்கி, இலக்கத்தைப் பார்த்துப் பதிந்து, படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தமிழும் சிங்களமும் பேசுவேன் என்பதற்காக எடுத்தார்கள். தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கம்பளையில் கல்யாணம் கட்டி, முப்பத்தெட்டு வயதில் கிடைத்த முதல் கதிரை வேலை. அதற்கு முன்பு புடவைக் கடையில் பதினோரு வருஷம் நின்றுகொண்டே இருந்தேன். கம்பனியில் தகுதிகாண் காலம் ஆறு மாதம். அது முடிய ஐந்து கிழமை இருந்தபோது மெனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

அவர் சிங்களவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மேசை லாச்சியைத் திறந்து மூன்று கடிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். மூன்றும் வாடிக்கையாளர்கள் எழுதியவை. கவுண்டரில் இருக்கும் பெண் கோபமாகப் பார்க்கிறாள், அடையாள அட்டையை வாங்கி முறைக்கிறாள், இதுதான் முறைப்பாடு.

"மிஸ் நல்லா வேலை செய்றீங்க. ஆனா இந்தக் காலத்தில..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். சிங்களத்தில்தான் சொன்னார். நிறுத்திய இடம் எனக்கு விளங்கியது. இந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் சிங்களவர்களின் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்தால் யாருக்குப் பிடிக்கும்?

நான் முறைக்கவில்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவில் எனக்கு ஆழமாக இரண்டு கோடு. சும்மா இருந்தாலே கோபக்காரி மாதிரித் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்தில் நாங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். அன்றைய பயம்தான் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மை அதில்லை. எனக்குச் சின்ன வயதிலேயே கிட்டப்பார்வை. இருபத்திரண்டு வயதுவரை கண்ணாடி வாங்கித் தர ஆளில்லை. கரும்பலகையைப் பார்க்கப் புருவத்தை நெரித்தேன், பஸ் போர்டைப் பார்க்க நெரித்தேன். நெரித்து நெரித்துக் கோடு விழுந்தது.

கம்பளையிலிருந்து வரும் பஸ்ஸைப் பேராதனைக்குக் கிட்ட நிறுத்தி இராணுவச் சோதனைக்கு எல்லாரையும் இறக்குவார்கள். அங்கே நிற்கிற சிப்பாய்கூடக் கேட்பான், "தரஹத நங்கி?" என்று. கோபமா தங்கச்சி என்று அர்த்தம். கோபமில்லை என்று சிரித்துக் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

பக்கத்துக் கவுண்டரில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் சும்மா இருக்காது. மெனேஜர் சொன்னதைச் சொன்னேன்.

"அக்கா, ஒங்க நெத்தியில இருக்கிற அந்த ரெண்டு கோட்டுல ரெண்டு சிம்மைச் சொருகி வெக்கலாம். கஸ்டமர் பயப்படாம என்ன செய்வாங்க?"

"போடி."

"நான் சும்மா சொல்லல்ல. அதுக்கு ஊசி இருக்கு. கொழும்புல இருந்து ஒரு டொக்டர் சனிக்கெழம சனிக்கெழம வாரார். தமிழ் டொக்டர்தான். எங்கட மாமி போட்டிருக்கா. மாமாவுக்கு ஏசுறப்பகூட மூஞ்சி சிரிச்ச மாதிரியே இருக்கு."

அந்தச் சிரிப்பில்தான் நான் உங்களிடம் வந்தேன் டொக்டர்.

கடைத்தெருவில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடி. பிளாஸ்டிக் கதிரையில் ஆறு பெண்கள். நான் ஐந்தாவது. முன்னால் போன நான்கு பேரும் ஐந்தைந்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். உள்ளே வந்த என்னைப் பார்த்து "நிமிருங்க" என்றீர்கள். காதில் போன். போனில் யாரோடோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே நெற்றியைத் துடைத்தீர்கள். புருவத்துக்கு நடுவில், புருவத்துக்கு மேலே, நெற்றியில் குறுக்கே. எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கோபமாகப் பாருங்கள், புருவத்தைத் தூக்குங்கள், சிரியுங்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. பேனையால் ஒரு புள்ளி வைக்கவில்லை. "நாலஞ்சு நாள்ல தெரியும்" என்றீர்கள். நான் எழும்புவதற்குள் ஆறாவது பெண் உள்ளே வந்துவிட்டாள்.

என் பிழையையும் எழுதுகிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. தேய்க்கலாமா, குனியலாமா, படுக்கலாமா, ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு டொக்டர் முன்னால் வாய் வராது. புடவைக் கடையில் சாயம் போகுமா என்று பத்துத் தடவை கேட்கிறவர்கள்தான் டொக்டரிடம் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம்.

அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது எண்ணெய் முழுக்கு நடந்தது உண்மை. முழுகியது என் கணவர். இதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருப்பது வெட்கம். எங்கள் வீடுகளில் ஆண்கள் சனியும் புதனும் எண்ணெய் வைப்பார்கள், பெண்கள் வெள்ளியும் செவ்வாயும். சாத்திரம் என்பார்கள். எங்கள் வீட்டில் சாத்திரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: சுடுதண்ணீர்ப் பானை ஒன்றுதான். நாள் மாறினால் சண்டை.

தலையெல்லாம் நல்லெண்ணெய் வழிய அவர் பலகையில் உட்கார்ந்திருந்தார். கொசு கடித்த மாதிரிச் சிவந்திருந்த என் நெற்றியைப் பார்த்தார்.

"என்ன, அஞ்சாறு எடத்துல நொளம்பு கடிச்சிருக்கு?"

"ஆமா. கண்டி நொளம்பு. படிச்ச நொளம்பு."

"கோடு அப்படியேதான் இருக்கு."

"நாலு நாள் ஆகுமாம்."

"அது போச்சுன்னா நீ கோவமா இருக்கியா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். என் தலை காய்ந்துதான் இருந்தது.

புதன்கிழமை கோடு மறைந்தது. பக்கத்துக் கவுண்டர்க்காரி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அல்லாஹ், அயன் பண்ணின மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் நெற்றி எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கனத்தது. புருவத்தைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை. ஒரு வயதானவர் என்னோடு சிரித்துப் பேசினார். நானும் சிரித்தேன். வாய் மட்டும் சிரித்தது போலிருக்கிறது. அவர் முகம் மாறியது.

வியாழக்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தால் வலது இமை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. விரலால் தூக்கினேன். விட்டவுடன் விழுந்தது. அப்படியே பஸ் ஏறினேன். பேராதனையில் சிப்பாய் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான். அன்றைக்குத் தரஹத என்று கேட்கவில்லை. பெண் பொலிஸைக் கூப்பிட்டு என் பையைக் கொட்டச் சொன்னான். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறி இருந்தார்கள், நான் ரோட்டில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மெனேஜர் ஒரே பார்வையில் சொன்னார்: வீட்டுக்குப் போங்க, மருந்து எடுங்க, டொக்டரிடம் கடிதம் வாங்கி வாங்க. தகுதிகாண் காலத்தில் கடிதம் இல்லாமல் லீவு இல்லை.

மறுநாள் வெள்ளி. கண்ணில் எது வந்தாலும் சூடு என்பார்கள் எங்கள் பக்கம். எண்ணெய் வைத்து முழுகினால் இறங்கும் என்று நினைத்தேன். முழுகினேன். இமை விழுந்ததற்கு மறுநாள். ஊசி போட்டு ஆறாம் நாள்.

சனிக்கிழமை உங்களிடம் வந்தேன். இமையைப் பார்த்தவுடன் உங்கள் முகம் சுருங்கியது. உங்கள் நெற்றி நன்றாக அசைகிறது, அதைக் கவனித்தேன்.

"தலைக்கு எண்ணெய் வச்சீங்களா?"

"வச்சேங்க."

"தேச்சு முழுகினீங்களா?"

"ஆமாங்க."

"தோட்டத்து ஆக்களுக்கு எவ்வளவு சொன்னாலும் இதுதான்" என்று பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்துச் சிரித்தீர்கள். என்றைக்கு என்று கேட்கவில்லை. கேட்டதற்குத்தான் நான் பதில் சொன்னேன். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தீர்கள். நானே அதைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மெனேஜர் உறையைப் பிரித்து வாசித்தார். வாசித்ததைச் சிங்களத்தில் எனக்குச் சொன்னார்: அறிவுரை கொடுக்கப்பட்டது, நோயாளி அதை மீறினார், அன்று மாலையே எண்ணெய் தேய்த்துக் குளித்தார்.

"அன்னிக்கு இல்ல சேர். வெள்ளிக்கெழம."

"டொக்டர் எழுதியிருக்கிறாரே மிஸ்."

பிறகு நான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் பிரிவில் ஒரு பெண் டொக்டர், யாழ்ப்பாணத்து அம்மா. வெளியே ஐம்பது பேர் காத்திருந்தும் அவர் அவசரப்படவில்லை, போனும் எடுக்கவில்லை.

"வாங்கோ, இருங்கோ. எங்கை, என்னைக் கோவமாப் பாருங்கோ."

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன். முகத்துல வரமாட்டேங்குது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பயப்பட வேண்டாம், கண்ணுக்கு ஒன்றுமில்லை, சில கிழமைகளில் தானாகத் திறக்கும் என்றார். ஒரு சொட்டு மருந்தும் எழுதித் தந்தார். பிறகு விளக்கினார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"ஊசி கோட்டுக்குப் போடுறேல்லை. கோட்டுக்குக் கீழ இருக்கிற தசைக்குப் போடுறது. தசை இழுக்கிறதை நிப்பாட்டினா மேல தோல் தன்பாட்டில விரியும். ஆனா தசை ஆளுக்கு ஆள் வேற. கோவப்படச் சொல்லி, தூக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பாத்துத்தான் எங்கை எவ்வளவு எண்டு முடிவெடுக்க வேணும். நீங்கள் பார்வைக் குறைவில புருவத்தை நெரிச்சும் தூக்கியும் பழகின ஆள். அந்த நெத்தித் தசையையும் சேத்துப் படுக்க வைச்சா, புருவம் இறங்காம என்ன செய்யும்?"

"இமை?"

"இமையைத் தூக்கிற தசை கண்ணெலும்புக்கு உள்ளுக்கை இருக்கு. எலும்பு விளிம்புக்குக் கிட்டக் குத்தினா, இல்லாட்டி மருந்து கூடினா, அங்கை இறங்கும். முதல் குறையப் போட்டு, ரெண்டு கிழமையால கூப்பிட்டுப் பாத்து, தேவையெண்டா இன்னும் கொஞ்சம் போடலாம். கூடப் போட்டதைத் திருப்பி எடுக்கேலாது."

எண்ணெய்க் கதையைச் சொன்னேன். ஊசி போட்ட அன்று அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாதுதான், அதைச் சொல்வது டொக்டரின் கடமை என்றார். பிறகு, "எண்டைக்கு இமை விழுந்தது? எண்டைக்கு முழுகினது?" என்று கேட்டார். இந்த இரண்டு கேள்வியையும் கேட்ட ஒரே ஆள் அவர். வியாழன், வெள்ளி என்றேன். "வெள்ளி முழுகினது வியாழன் விழுத்துமோ?" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளையும் கிளினிக் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்.

அட்டையைக் கொண்டு போனேன். மெனேஜர் முழுவதும் வாசித்தார். உங்கள் கடிதத்தைக் கொழும்பில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது, இனித் தன் கையில் ஒன்றுமில்லை என்றார். மாத முடிவில் பதில் வந்தது. தானே வரவழைத்துக்கொண்ட நோய்க்கு லீவு எடுத்தவர், நிரந்தரமாக்க முடியாது. பக்கத்துக் கவுண்டர்க்காரி எனக்காக அழுதாள். நான் அழவில்லை. புடவைக் கடைக்காரர் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஏழாவது கிழமை இமை திறந்தது. நாலாவது மாதம் கோடும் திரும்ப வந்தது. அதற்குள் கவுண்டரில் வேறொருத்தி இருந்தாள்.

இந்த ஊசி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் கவுண்டர்க்காரி பிறகு வெளிநாடு போய் அங்கே போட்டுக்கொண்டாள். லீவில் வந்தபோது ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியிருந்தும் எனக்குத் தெரியவில்லை. அவள் சிரித்தால் நெற்றியும் சேர்ந்து சிரித்தது. களைப்பு மட்டும் குறைந்திருந்தது. அவளே சொன்ன பிறகுதான் உற்றுப் பார்த்தேன். ஒழுங்காகச் செய்தால் அப்படி இருக்கும்.

இத்தனை வருஷம் நான் பேசாமல்தான் இருந்தேன். போன மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் உங்கள் கட்டுரையைப் பார்த்தேன், படத்தோடு. இயற்கையான முகம் பற்றி அறிவுரை சொல்லியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு உதாரணம்: கண்டியில் ஒரு தோட்டத்துப் பெண், எவ்வளவு சொல்லியும் கேளாமல், அன்று மாலையே எண்ணெய் முழுக்குப் போட்டு இமையைக் கெடுத்துக்கொண்டாள். அந்தப் பெண் நான்தான். கிளினிக் அட்டை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு எல்லாரும் வாசிக்கப் பதில் எழுதுங்கள்: அந்தச் சனிக்கிழமை மாலை நான் எண்ணெய் வைத்தேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?