நேசம் அக்காவின் வல்லாரைப் பாத்தி

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலிருக்கும் நேசம் அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. மகள் நதீஷா பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனையில் கணிதம் பாஸ் பண்ணவேண்டும். அந்த மனுசிக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டாம். புருசன் துறைமுக வேலையில் விழுந்து செத்த பிறகு, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த வளவில் வல்லாரை போட்டு, அதை விற்றுத்தான் மகளை வளர்த்தார்.

ஒழுங்கையில் கணித ரியூசன் கொடுப்பவன் நான். எட்டு வயதில் நதீஷாவை அக்கா என்னிடம் கொண்டுவந்து விட்டார். இன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது நாளைக்கு நிற்காது. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். மண்டைக்குள் களிமண்ணா என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன்! தலையில் குட்டியும் இருக்கிறேன். வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லது, காலையில் சாறு பிழிந்து கொடுங்கோ என்று தாய்க்குச் சொன்னவனும் நான்தான்.

அக்கா கொடுத்தார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் பிள்ளை கோட்டை விட்டாள். சாற்றோடு வல்லாரைச் சம்பலும் சேர்ந்தது. ஓ.எல். கணிதம் ஃபெயில், அதற்குப் பிறகு வல்லாரைக் கஞ்சியும். மூன்று தரம் எழுதிவிட்டாள். கொடுத்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் விழுங்குவாள், பாவம்.

போன வருடம் வெள்ளவத்தையிலிருந்து ஹம்சிகா என்றொரு ஆராய்ச்சி மாணவி அந்த வளவைத் தேடி வந்தாள். முந்தி அங்கே பழைய வாகன பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கினார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கீரைக்கும் அதற்கும் முடிச்சுப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை, படித்தவன் என்று திரிகிற எனக்கும்தான்.

மண்ணைச் சோதித்துவிட்டு, விற்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம் என்றாள் ஹம்சிகா. பாத்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் ஒரு இரும்புத் தூளைக் கலந்தாள். தலைமயிரின் தடிப்பை ஆயிரம் பங்காக்கினால் வரும் அளவுதானாம் ஒரு துகள். அதற்குப் பெயர் 'நானோ' துகள் என்றாள். அது ஈயத்தை மண்ணிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குள் ஏறவிடாது.

அக்கா புடவைக் கடையொன்றில் கூட்டித் துடைக்கப் போனார். ஆனாலும் விடியற்காலையில் பாத்தியடியில்தான் நிற்பார். வழக்கமாகச் சிறுத்து மஞ்சளித்து வருகிற வல்லாரை, தூள் போட்ட பக்கம் பச்சைப் பசேலென்று படர்ந்தது. அடுத்த சோதனைக்கு முதல் மகளுக்கு நல்ல இலை கொடுக்கலாம் என்று அவருக்கு ஒரே சந்தோசம்.

இலையைச் சோதித்த றிப்போர்ட் வந்த நாள் ஹம்சிகா என் ரியூசன் அறையில்தான் இருந்து அக்காவுக்கும் எனக்கும் விளங்கப்படுத்தினாள். தூள் போட்ட பக்கத்து இலையில் ஈயம் அனுமதித்த அளவுக்குக் கீழே. மற்றப் பக்கத்தில் அளவுக்கு மேல் பல மடங்கு. சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஈயம் சாப்பிட்டால் என்ன செய்யும் என்று அக்கா கேட்டார்.

ஹம்சிகாவின் சிரிப்பு நின்றது. "சின்னப் பிள்ளையளுக்கு மூளையத்தான் கூடுதலாத் தாக்கும் அக்கா. படிப்பு, ஞாபகம்..." என்றாள். நதீஷாவுக்கு அதனால்தான் என்று தன்னால் சொல்ல ஏலாது, முதலில் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று அவசரமாகச் சேர்த்தாள்.

அக்கா அந்தக் கடுதாசியை மடித்து மேசையில் வைத்தார். "மண்ணுக்குப் போட்டீங்களே, அது மாதிரி பிள்ளைக்கு ஒண்டும் இல்லையா மிஸ்?"

"இரத்தத்தில இருக்கிறதைக் குறைக்கப் பாக்கலாம். முந்திப் பழுதானதைத் திருப்ப ஏலாது அக்கா."

எனக்கு அந்த இடத்தில் இருக்கவே முடியவில்லை. அக்கா இப்போது திரும்பி என்னைக் கிழிக்கப் போகிறார் என்று பார்த்திருந்தேன். கிழித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவள இனி ஏசாதீங்க சேர்," என்றார் என்னிடம். "அவ மேல பிழை இல்ல. நான்தானே குடுத்தேன்."

கொடுக்கச் சொன்னது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.