சிட்டிபாபுவின் சிவப்புக் காரும் அக்கா தடவிய எண்ணெயும்

சிட்டிபாபு என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் பள்ளிக்கரணை வீட்டு வாசலில். அப்போது நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த வயசு. அஞ்சம்மாள் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்த சேதி கேட்டு முடிச்சூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த அவள் புருஷன் சுப்பராயலு மாமா, ஸ்டாண்டு கூடப் போடாமல், "பையன் பேரு சிட்டிபாபு. எங்க தாத்தா பேரு. வேற எதுனா பேரு வெச்சீங்க, இப்பிடியே திரும்பிப் பூடுவேன்" என்றார். பிள்ளையின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவேயில்லை.

அந்தத் தாத்தா யார் என்று கேட்டால், ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் குடைசாய்ந்து காலை ஒடித்துக்கொண்டவர். மாமாவின் பெரியம்மா கிளியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அக்கா அந்தப் பெயருக்குச் சம்மதித்தே இருக்கமாட்டாள். தெரிந்தபோது பையன் நடந்துகொண்டிருந்தான், இல்லை, ஓடிக்கொண்டிருந்தான்.

முடிச்சூர் நிலமெல்லாம் பிளாட்டாகப் போன காலத்தில் மாமாவும் கழனியை விற்றார். ஏரும் கலப்பையும் மாடும் அப்போதே போயின. சிட்டிபாபு தன் பங்குக்கு என்ன வாங்கினான் தெரியுமா? பல்லாவரத்துத் தோல் மண்டிக்காரர் ஒருத்தரின் ஷெட்டில் வருஷக்கணக்காக உறை போட்டுக் கிடந்த பழைய சீமைக் காரை. ஸ்போர்ட்ஸ் காராம். சிவப்பு. இரண்டே பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது.

"ஒரு கல்யாணத்துக்குப் போவணும்னா நாங்கல்லாம் எங்கடா குந்துறது?" என்று அக்கா கேட்டாள்.

"இது கல்யாணத்துக்குப் போற காரு இல்லம்மா. ரேஸுக்குப் போற காரு."

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ரேக்ளா தாத்தாவின் கால் எல்லார் கண்ணுக்கும் முன்னால் வந்து நின்றது. கடைசியில் அக்கா பையனை அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், கற்பூரத்தை ஏற்றி அடிக்கச் சொன்னாள். ஒரு தரம் ரேஸில் ஓட்டலாம். ஒரே தரம். அதற்கப்புறம் ரேஸ் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. அவனும் உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். எங்கள் சனங்களில் அப்படிச் செய்த சத்தியத்தை யாரும் மீறினதில்லை.

அந்த ஒரு தரத்துக்காக அவன் ஒரு வருஷம் உழைத்தான். கூட இருந்தது லாசரஸ், தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே முடிச்சூருக்கு வந்து காருக்கு அடியில் படுத்துக்கொள்வான். இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. முதல் சண்டை டயருக்கு.

"வரிவரியா பட்டன் வெச்ச டயரு போடு மச்சான். ஐப்பசி மாசம், மழை வரும்" என்பான் லாசரஸ்.

"பட்டன் டயரு வளைவுல நெளியும்டா. வழவழ டயருதான் ரோட்டை அப்பிக்கும்."

"மழை வந்தா?"

"வந்தா காரை வுட்டுட்டு நடந்து வர்றேன். போதுமா?"

ரேஸ் டயர் வந்து இறங்கியபோது சுப்பராயலு மாமா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. "கழனியை வித்து மொட்டை டயரு வாங்கினவன் இந்தத் தாலுக்காவுலயே நீ ஒர்த்தன்தான்டா" என்றார். ரப்பர் மெத்தென்று இருக்கும், சூடானால் பசை மாதிரி ஒட்டும், அதனால்தான் வளைவில் கார் வழுக்காது என்று அவன் விளக்கினான். மாமா கேட்டுக்கொண்டார். ஆனால் ஊருக்குள் போய்ப் பையனை ஏமாற்றிவிட்டார்கள் என்றே சொன்னார்.

அடுத்தது பிரேக் பேடு. அது உள்ளங்கை அகலத்துக் கட்டை. முன் சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துவது அதுதான். கப்பலில் வேலை பார்த்த என் நாத்தனார் மகன் கிருபா, சிங்கப்பூரில் இரண்டு ஜாதி கிடைக்கிறது, எது வேண்டும் என்று கேட்டு அனுப்பினான். ஒன்று தெருவில் ஓட்டுகிறவர்களுக்கு. மிதித்த உடனே பிடிக்கும், விடாமல் மிதித்தால் சூடேறிக் கைவிட்டுவிடும். மற்றது ரேஸுக்கு. ஆறிக்கிடக்கும்போது வெறும் மரக்கட்டை, சூடேற ஏறத்தான் கடிக்கும்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "ரெண்டாவது உங்கப்பன் ஜாதி. சூடு ஏறினாத்தான் ஒரு வேலை நடக்கும்" என்றாள். சிட்டிபாபு சிரித்துவிட்டு, "அப்ப அதையே வாங்கிடலாம்" என்றான்.

ரேஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். காரைக் கழுவி மாலை போட்டாயிற்று. புதுச் சாமான் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைக்கச் சொன்னாள் அக்கா. சிட்டிபாபு ஸ்பானர், ஜாக்கி, பெட்டியோடு பிரேக் பேடு, எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கமாட்டோம்.

சனிக்கிழமை விடிந்ததும் சிட்டிபாபுவுக்கும் லாசரஸுக்கும் காபி கொண்டுபோனேன். ஷெட்டில் இரண்டு பேரும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். பேடு நாலும் சந்தனம் குங்குமத்தோடு கறுகறுவென்று மின்னின. எனக்கு வாசனையே சொல்லிவிட்டது. நல்லெண்ணெய்.

கழனி இருந்த நாளில் ஆயுத பூஜைக்கு அக்காதான் கலப்பைக் கொழுவுக்கும் அரிவாளுக்கும் எண்ணெய் தடவுவாள். மருமகளாக வந்த வருஷத்திலிருந்து அது அவள் வேலை. கலப்பை போனபிறகு எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? பிள்ளை உயிரைக் காக்கப்போகிற சாமான் இதுதான் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு மனசில் பதிந்திருந்தது. அதனால் இதற்குக் கொஞ்சம் தாராளமாகவே தடவியிருக்கிறாள்.

லாசரஸ் பெட்ரோலில் முக்கித் தேய்த்தான். மேலே போயிற்று, உள்ளே குடித்தது போகவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சுட்டுப் பார்த்தான். சூடு ஏற ஏற எண்ணெய் கசிந்து வந்தது. ஷெட்டு முழுக்க வடை சுடுகிற மணம்.

"இத்த போட்டுகினு போனா வண்டி நிக்காது மச்சான். நேரா ஸ்ரீபெரும்புதூர்தான்" என்றான் லாசரஸ்.

"பழைய பேடு கீது இல்ல?"

"அது தெரு பேடு. மொட்டை டயரைப் போட்டுகினு நீ வேகமா வருவே, அது எத்தினி வளைவு தாங்கும்? அம்மா கையில சொல்லிடு. இந்த தபா வேணாம், அடுத்த ரேஸுக்குப் போலாம்."

சிட்டிபாபு என் பக்கம் திரும்பினான். "சின்னம்மா, அம்மாவுக்கு இது தெரியக்கூடாது. அவ கை வெச்சு கெட்டுதுன்னு தெரிஞ்சா அப்பாலே எந்தப் பூஜையிலயும் கை வைக்கமாட்டா." பேடுகளைத் துணியில் சுற்றி உள்ளே தள்ளிவிட்டான். பழையதையே மாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு உறவு சனமெல்லாம் போனோம். அக்கா புளிசாதம் கட்டிவந்தாள். மழை இல்லை. கார்கள் கிளம்பியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். சிவப்புக் கார் முதலில் பின்னால் இருந்தது. ஒவ்வொரு வளைவாக முன்னேறி மூணாவதாக வந்தது. சனம் கத்தியது. மாமா துண்டைச் சுழற்றினார். என் கண் மட்டும் முன் சக்கரத்தைவிட்டு நகரவில்லை.

பிறகு ஒரு வளைவில் கார் வேகம் அடங்காமல் வெளிப்பக்கமாக ஓடி, ஓரத்துப் புல்லைத் தொட்டுத் திரும்பியது. அடுத்த வளைவிலும் அப்படியே. மூணாவது வளைவுக்கு முன்னால் சிட்டிபாபு கையைத் தூக்கிக் காட்டினான். மற்ற கார்களுக்கு வழிவிட்டு மெல்ல மெல்ல ஓரம் கட்டி மண்ணில் போய் நின்றான். அந்த ஒரு தரம் அங்கேயே முடிந்துபோயிற்று.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன் சக்கரத்தில் புகை வந்துகொண்டிருந்தது.

"இன்னாடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"பெட்ரோல் தீந்துபூட்சும்மா."

"அடப்பாவி, ஒரு கழனியே பெட்ரோலுக்குப் பத்தலையாடா?" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். லாசரஸ் என்னைப் பார்த்தான். நான் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

சிட்டிபாபு சாப்பிடவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மற்ற கார்கள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில் அவள் திடீரென்று, "தோ பாரு, சிட்டி. நான் ஒரு தரம்னு சொன்னது முழு தரம். பாதி சோத்துல எழுந்தவனைச் சாப்ட்டவன்னா சொல்லுவாங்க? அடுத்த தபா நெறைய ஊத்திகினு போ" என்றாள்.

வேனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தியத்துக்குச் சொந்தக்காரியே சொன்னபிறகு யார் என்ன பேச முடியும்? சிட்டிபாபு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிருபா மறுபடியும் பேடு வாங்கிவந்தான். அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் சிட்டிபாபு வரதராஜபுரத்தில் யார் வீட்டிலோ போய் ஒரு பழைய கொழுவை வாங்கிவந்து, துருவைத் தேய்த்து, சாமி முன்னால் வைத்தான். புதுப் பேடு லாசரஸ் வீட்டுப் பரணில் இருந்தது.

"காருக்கு ஒண்ணும் வைக்கலியாடா?" என்றாள் அக்கா, எண்ணெய்க் கிண்ணத்தோடு.

"எல்லாத்துக்கும் சேத்து இதுக்கே தடவிடும்மா."

அவள் உட்கார்ந்து நிதானமாக, கொழுவின் மூக்கு முனை வரைக்கும் தடவினாள்.

அந்த வருஷ ரேஸுக்கு அக்கா வரவில்லை, முழங்கால் வலி. அவன் நாலாவதாக வந்தான். கோப்பை மூணு பேருக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முழுசா முடிச்சியா?"

"முடிச்சேன்."

"போதும். கை கால் கழுவிகினு வந்து சாப்டு."

அவனும் அதோடு விட்டுவிட்டான். காரை ஒரு கோயம்புத்தூர்க்காரர் வந்து விலை பேசி ஓட்டிக்கொண்டு போனார். எண்ணெய் விஷயம் அக்கா கண்ணை மூடுகிற வரைக்கும் அவள் காதுக்குப் போகவில்லை.

சிட்டிபாபு இப்போது முடிச்சூர் ரோட்டில் டயரும் பிரேக்கும் மாற்றுகிற கடை வைத்திருக்கிறான். வீடு கடைக்கு மாடியில்.