ஆசிட் அக்காவின் உடைசல் பதிவேடு

அந்தப் பெண்கள் பள்ளியின் ஆய்வக உதவியாளருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அங்கே தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. அவள் உடுத்தும் துணியிலெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருப்பதைப் பார்த்து எந்தக் காலத்திலோ ஒரு மாணவி வைத்த பெயர்தான் நிலைத்தது: ஆசிட் அக்கா. வீட்டுக்காரரும் சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அக்கா படித்தது பத்தாம் வகுப்பு. அதிலும் அறிவியலில்தான் கோட்டை விட்டாள். அப்படிப்பட்டவளை ஆய்வகத்தில் கொண்டுபோய்ப் போட்டது எந்த அதிகாரி செய்த குறும்போ தெரியாது. ஆனால் கேள்வி கேட்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குடுவையைக் கழுவிக்கொண்டே, “டீச்சர், ஊத்தின ரெண்டும் தண்ணி மாதிரித்தானே இருந்துச்சு? இந்த மஞ்சள் எங்கேருந்து வந்துச்சு?” என்பாள். வேதியியல் டீச்சர் பொறுமைசாலி, பதில் சொல்வார். அந்தப் பதிலுக்குள்ளிருந்து அக்கா இன்னொரு கேள்வியை உருவி எடுப்பாள். மணி அடித்தால்தான் டீச்சருக்கு விடுதலை.

ஆய்வகம் என்றால் நீளமான ஒரு அறை. நான்கு மேசைகள், இரண்டு தொட்டிகள், பாதி திருகினால் மட்டும் தண்ணீர் வரும் ஒரு குழாய். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் நுண்ணோக்கி ஒன்றே ஒன்று. வகுப்புக்கு நாற்பத்தாறு பெண்கள். ஒவ்வொருத்தியும் வரிசையில் வந்து ஒற்றைக் கண்ணை வைப்பதற்குள் பின்னால் நிற்பவள் இடித்துத் தள்ளிவிடுவாள். இன்னும் நாலு நுண்ணோக்கி இருந்தால் எப்படியிருக்கும் என்று அக்கா கணக்குப் போட்டுப் போட்டு அலுத்திருந்தாள்.

அந்த வருடம்தான் சட்டம் வந்தது. அறிவியல் ஆராய்ச்சிக்கும் அறிவியல் கல்விக்கும் அரசு நிதி ஒதுக்குவதற்கான சட்டம். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் போட்டிருந்தார்கள். டீச்சர் அதன் அச்சுப் பிரதியை எங்கிருந்தோ வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டு மறந்துபோனார். அக்கா மறக்கவில்லை. தினமும் சாப்பாட்டு வேளையில் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு இரண்டு பக்கமாகப் படித்தாள். ஒரு வாக்கியம் மூச்சு விடாமல் ஒரு பக்கம் ஓடியது. கையில் எடுத்த கவளம் காய்ந்துபோகும், வாக்கியம் முடியாது.

“டீச்சர், ‘ஆய்வகம் என்பது ஆய்வகத்தையும் உள்ளடக்கும்’னு எழுதியிருக்கு. எழுதினவருக்கு நல்லாத் தூக்கம் வந்திருக்கு.”

“சட்டம்னா அப்படித்தாங்க இருக்கும்.”

“அது போகட்டும். பூட்டியே கிடக்கற ஆய்வகம் எது, வேலை நடக்கற ஆய்வகம் எதுன்னு அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்?”

“அதிகாரி வந்து பாப்பாங்க.”

“வர்ற அன்னிக்கு மட்டும் எல்லாரும் குடுவையை எடுத்து ஆட்டிக் காட்டினா?”

டீச்சர் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பதில் பதினோராம் பிரிவில் இருந்தது. கடந்த ஐந்து ஆண்டுகளின் உடைந்த பொருள் பதிவேட்டைக் கொண்டே ஓர் ஆய்வகம் பயன்பாட்டில் உள்ளதா என்று முடிவு செய்யவேண்டும் என்றது அது. அக்கா கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே போட்டாள்.

“கில்லாடி! இதை எழுதினது யாரோ, ஒரு நாளாவது ஆய்வகத்தைக் கழுவியிருக்கணும் டீச்சர். பளபளன்னு சாமானை யார் வேணும்னாலும் அடுக்கி வைக்கலாம். நாப்பது புள்ளைங்க கைவெச்சா உடையாம இருக்குமா? உடையலைன்னா தொடலைன்னுதானே...”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இந்தப் பள்ளியின் உடைசல் பதிவேடு ஒன்பது வருடமாகக் காலி. காலியாக வைத்திருந்தது அவளேதான்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். கெட்டவர் இல்லை. ஆனால் பொருள் பட்டியலில் ஒன்று குறைந்தாலும் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர். அதனால் ஒரு விதி போட்டிருந்தார். எதையாவது உடைத்துப் பதிவேட்டில் பெயர் ஏறியவள் அந்தப் பருவம் முடியும்வரை ஆய்வகப் படியேறக் கூடாது. அக்காவுக்கு அந்த விதி பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல வாயும் இல்லை. அவளுடைய கூடப்பிறந்தவளின் கணவருக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. வாய் கோணிப்போனதென்று அங்கே கழித்துப்போடும் சோதனைக்குழாய்களையும் குடுவைகளையும் மாமா சாக்கில் கட்டிக் கொடுப்பார். ஒன்று உடைந்தால் அக்கா கூட்டி அள்ளிவிட்டு, கோணல் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். வெப்பமானி மட்டும் சாக்கில் வராது. அதற்கு, மிச்சமிருப்பவற்றைப் பெட்டிக்குள் தள்ளித் தள்ளி அடுக்கி, பார்ப்பதற்கு நிறைந்திருப்பதுபோல் காட்டுவாள். வருடக் கடைசியில் பெரிய சார் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “ஒண்ணுகூட உடையல. இப்படித்தான் இருக்கணும்” என்று பாராட்டுவார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு அக்கா தலையை ஆட்டுவாள். அதில் கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறாள், அதையும் மறைக்க வேண்டாம்.

விஷயத்தைக் கேட்டதும் டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிதிக்கு விண்ணப்பம் போயாகிவிட்டது. வரும் புதன்கிழமை அதிகாரி வருகிறார். டீச்சர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாலு பேனா எடுத்துக்குங்க. மாத்தி மாத்தி எழுதினா பழசு மாதிரி தெரியும். உடைஞ்சது நிஜம்தானே? பொய் எழுதச் சொல்லலையே?”

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு அக்கா ஒரு வெள்ளைத்தாளில் ஒத்திகை பார்க்க உட்கார்ந்தாள். எதிரே வீட்டுக்காரர், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், காலை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

“சோதனைக்குழாய் ரெண்டு. சரி. என்னிக்கு?”

“செவ்வாய்க்கிழமைன்னு போடு. எங்க பணிமனையில எது உடைஞ்சாலும் செவ்வாய்க்கிழமைதான்.”

“விளையாடாதீங்க. எனக்குத் தேதி தெரியலையே.”

“தெரியாட்டி என்ன? யாரு வந்து சோதிக்கப்போறா?”

அக்கா பேனாவை மூடினாள். “பக்கத்துல இருக்கறவ நோட்டைப் பாத்து அளவு எழுதற புள்ளைங்களைத் தினம் திட்டறேன். ‘நீ பாக்காத அளவை நீ எழுதக் கூடாது’ன்னு. நானே எழுதினா அப்புறம் எந்த வாயால திட்டறது?”

“அப்போ நிதி?”

அக்கா வெள்ளைத்தாளை நாலாக மடித்தாள். கேள்விகளாகவே வாழ்ந்தவளுக்கு, தன்னைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி இவ்வளவு கசக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

புதன்கிழமை வந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். தோள்பையிலிருந்து படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு நேராகப் பதிவேட்டைத்தான் கேட்டார். பெரிய சார் பெருமையோடு நீட்டினார். அதிகாரி புரட்டினார், வெள்ளை, மறுபடி வெள்ளை. முன்பக்கமாகத் திருப்பிக் கடைசியாக எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார்.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு பேரு இருக்கு. நிறுப்புத் தராசு. அதுக்கப்புறம் இங்கே வகுப்பே நடக்கலையா?”

டீச்சர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

“தினம் நடந்துச்சு மேடம். தினம் உடைஞ்சுது. நான்தான் எழுதல. அந்தக் கடைசி வரியும் என் கையெழுத்துதான். பேரு எழுதினேன், அந்தப் பொண்ணு வெளியே நின்னா. அடுத்த பருவம் பாடத்தையே மாத்திக்கிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் இன்னொரு பேரு எழுத எனக்குக் கை வரல.”

பெரிய சாருக்கு முகம் வெளிறி, பிறகு சிவந்தது. “ஒன்பது வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்களா?”

“ஆமா சார்.”

“எத்தனை உடைஞ்சிருக்கும்?” என்றார் அதிகாரி.

“தெரியாது மேடம்.”

“தோராயமா?”

“தோராயமா சொன்னா அது நான் இட்டுக்கட்டினது.”

அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். “நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா இந்தப் படிவத்துல ரெண்டே கட்டம். பயன்பாட்டில் உண்டு, இல்லை. பதிவேடு காலின்னா நான் ‘இல்லை’யிலதான் போடமுடியும். சட்டம் அப்படி.”

“பதினேழாம் பிரிவு மேடம்,” என்றாள் அக்கா.

“என்ன?”

“பதிவேட்டுல குறை இருந்தா, முப்பது நாளுக்குள்ள, உடைச்சவங்களே கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தா ஏத்துக்கணும். நாப்பத்தோராம் பக்கம், கீழே. நேத்து சாப்பாட்டு வேளையிலதான் அந்தப் பக்கத்துக்கு வந்தேன்.”

அதிகாரி நாற்பத்தோராம் பக்கத்தைத் தேடிப்பிடித்துப் படித்தார். இரண்டு தரம் படித்தார். சட்டத்தைக் கொண்டுவந்த இலாகாவிலேயே வேலை பார்க்கும் அவரே அந்தப் பக்கம்வரை போயிருக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. போகும்போது பெரிய சாரிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “தடை இருக்கறவரைக்கும் ஒருத்தியும் எழுதமாட்டா சார்.”

பெரிய சார் அன்று மாலையே அக்காவுக்கு மெமோ கொடுத்தார். மறுநாள் காலை மைதானத்தில் எல்லோரையும் நிறுத்தி, தடை நீக்கப்பட்டது, உடைத்தவர்கள் தாமாக வந்து எழுதலாம் என்று அறிவித்தார். ஒருத்தியும் நம்பவில்லை. ஆய்வக மேசையில் காகிதக் கட்டு வைத்து அக்கா மூன்று நாள் காத்திருந்தாள். ஈ காக்கைகூட வரவில்லை.

நாலாம் நாள் டீச்சரே வந்து உட்கார்ந்தார். எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினார்.

“பீக்கர் ரெண்டா? அது பூனை தள்ளிவிட்டதுன்னு சொன்னீங்களே டீச்சர்!”

“பூனை ஏதுங்க இங்கே,” என்று டீச்சர் அசடு வழிந்தார். வாசலில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் முதல் மாணவி உள்ளே வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா எதிர்பார்க்கவேயில்லை. அவளுக்குத் தெரியாத தேதியெல்லாம் உடைத்தவர்களுக்கு அச்சாகத் தெரிந்திருந்தது. என் தம்பி பிறந்ததுக்கு மறுநாள், என்றாள் ஒருத்தி. கணக்குப் பரீட்சையன்னிக்கு, என்றாள் இன்னொருத்தி. உடைத்த நாளை எவளும் மறக்கவில்லை. சேதி வெளியே பரவி, படிப்பை முடித்துப் போனவர்களும் வந்தார்கள். நர்சுப் படிப்பில் இருப்பவள் வந்தாள். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். பேருந்து நடத்துநராக இருப்பவள் வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடிவந்து, “சீக்கிரம் பேனா குடுங்கக்கா, உள்ளே முப்பது பேரு திட்டிக்கிட்டிருக்காங்க” என்றாள்.

சட்டம் கேட்டது பொருளும் தேதியும் கையெழுத்தும் மட்டுந்தான். அக்காவால் அதோடு விடமுடியுமா? “உடையும்போது என்ன பாக்க நினைச்சே?” என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். கேட்டால் கொட்டினார்கள். ரெண்டு வெப்பமானியைச் சேர்த்துவெச்சா சூடு ரெட்டிப்பாக் காட்டுமான்னு பாத்தேன். குழாயை வாயில வெச்சு ஊதினா தண்ணி குறையக் குறையச் சத்தம் மாறுமான்னு பாத்தேன். கொதிக்கற குடுவையை உடனே பனிக்கட்டியில வெச்சா என்ன ஆகும்னு பாத்தேன். “என்ன ஆச்சு?” என்றாள் அக்கா ஆவலாக. “அதான் உடைஞ்சுதேக்கா!” இத்தனை வருடமும் தான் கூட்டி அள்ளியது வெறும் கண்ணாடி என்று நினைத்திருந்தவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அறுபத்து மூன்று காகிதங்கள் சேர்ந்தன. நிதி வந்த கதையை இழுக்கவேண்டியதில்லை, வந்தது. மெமோ ரத்தாகவில்லை, அதுவும் அவள் கோப்பில் இருக்கிறது.

சொல்லவேண்டியது முப்பதாம் நாள் சாயங்காலத்தைப் பற்றி. அக்கா காகிதங்களை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரம். வாசலில் இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண் நின்றாள். எதிர்ச்சாரித் தையல் கடையில் வேலை, கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“வாம்மா. என்ன உடைச்சே?”

“ஒண்ணும் உடைக்கலக்கா.”

“பின்னே?”

“அஞ்சு வருஷம் இங்கே படிச்சேன். கடைசி வரிசை. கீழ போட்டுட்டா என்ன பண்றதுன்னு தள்ளித் தள்ளியே நிப்பேன். நீங்ககூட டீச்சர்கிட்ட சொல்வீங்க, ‘இவ நல்ல புள்ளை, எதையும் தொடமாட்டா’ன்னு. நான் ஒண்ணையுமே தொடலக்கா. அதையும் எழுதிக்குவீங்களா?”

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள். உடைத்த அறுபத்து மூன்று பேரின் முகமும் அவளுக்கு அத்துப்படி. இந்த முகம் ஞாபகமில்லை. எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவமானமாக இருந்தது.

ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். பொருள் என்ற இடத்தில் அந்தப் பெண் ‘எதுவுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அக்கா அதை மற்றவற்றுக்கு மேலே வைத்தாள். பிறகு எழுந்து போய், அலமாரியைத் திறந்து நுண்ணோக்கியை வெளியே எடுத்தாள்.

“இந்தா. வெளிச்சம் இருக்கும்போதே ஜன்னல்கிட்ட கொண்டுபோ.”

அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டினாள், உடனே பின்னால் இழுத்துக்கொண்டாள். “நானா? கீழ போட்டுட்டா?”

“போட்டா எழுதிக்கறேன்,” என்றாள் அக்கா.