அண்ணன் கேட்டுக்கொண்டு போன சேதி

என் அண்ணன் காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதச் சொல்லி அப்பா என்னைக் கூப்பிட்டபோது, "நான் என்னத்தைங்கப்பா எழுதறது?" என்று சண்டைக்குத்தான் போனேன். "ஊட்டுல வாயாடி நீதான். நீயே எழுது," என்று சொல்லிவிட்டார். கூடக் குறைய இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரி வாய்க்கால் பாயும் எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மழை பொய்த்துக் கம்பங்கூழே சாப்பாடாக இருந்த வருஷங்களிலும் அப்பா அவர் படிப்பை நிறுத்தவில்லை. மகன் வக்கீலாகி நாமக்கல் கோர்ட்டில் நிற்பான் என்பது அப்பாவின் கணக்கு. அண்ணனோ சென்னைக்குப் போய் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். படித்து முடித்ததும் சேலத்தில் ஒரு கல்லூரியின் கலைக்கூடத்தில் காட்சிப் பொறுப்பாளர் என்று உத்தியோகமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அது என்ன வேலை என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "படிக்க வெச்சதுக்குப் பொம்மைக்குக் காவல் இருக்கறானுங்க," என்று அப்பா சந்தையில் சொல்லிவிட்டு வந்தார். பொம்மைக்குக் காவல் இருப்பவருக்குப் பெண் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. வந்த ஒன்றிரண்டு இடங்களையும் அண்ணன் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிட்டார். நான்கூட அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை.

ஒருமுறை சேலம் போய்ப் பார்த்த பிறகுதான் என் வாய் அடைத்தது. எதைக் காட்டுவது, எதை விடுவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது, காலை வெளிச்சம் எந்தச் சுவரில் விழும் என்று பார்த்துப் பார்த்து அந்தக் கூடத்தை அமைத்திருந்தார். படங்களை இன்னும் உயரத்தில் மாட்டச் சொன்ன பேராசிரியரிடம், "இடுப்புல குழந்தையோட வர்ற பொம்பளைக்கும் தெரியோணுமில்லைங்க," என்று சொல்லி, தாழ்த்தியே மாட்டினார். கண்ணாடிப் பெட்டிகளில் பூச்சி வராமல் வேப்பிலை போட்டு வைப்பார். யார் வீட்டிலிருந்து எதை இரவலாக வாங்கினாலும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் வாங்குவார். காட்சி முடிந்ததும் ஆளிடம் கொடுத்தனுப்ப மாட்டார். கொடுத்த கையிலேயே தன் கையால் கொண்டுபோய்க் கொடுப்பார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், நம் பக்கத்து நெசவைப் பற்றி ஒரு காட்சி வைக்க நினைத்தார். செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக் கடைக்காரர்கள் புதுச் சேலைகளை அடுக்கி அடுக்கிக் கொடுத்தார்கள். அண்ணனுக்குத் திருப்தி இல்லை. "கடைச் சேலையில நூல்தான் இருக்குது. கட்டின சேலையிலதான் ஆள் இருக்கறாங்க," என்றார். வீடு வீடாக அலைந்து, கடைசியில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில், மகள் கல்யாணத்துக்குத் தகப்பனாரே நெய்த கூறைச் சேலை ஒன்றைக் கண்டுபிடித்தார்.

அந்த மகளைத்தான் எங்கள் வீட்டில் திருச்செங்கோட்டு அக்கா என்று சொல்கிறோம். கல்யாணமான சில மாதங்களில் அவருடைய வீட்டுக்காரர் ரங்கூனுக்கு மரக்கடை வேலைக்குப் போனார். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தாலி கட்டும்போது மஞ்சள் அப்பியிருந்த வீட்டுக்காரரின் விரல்கள் அந்தக் கூறைச் சேலையின் தோள்பக்கம் பட்டுத் தடமாகப் பதிந்திருந்தன. அந்தத் தடம் போய்விடக் கூடாதென்று அக்கா சேலையை ஒருமுறைகூடத் துவைக்கவில்லை. அது இருக்கும்வரை அவரும் இருப்பார் என்று மனதுக்குள் ஒரு பிடிப்பு. முதலில் தர மாட்டேன் என்றுதான் சொன்னாராம். "குடுத்த மாதிரியே கொண்டாந்து குடுக்கறனுங்க அக்கா," என்று அண்ணன் வாக்குக் கொடுத்த பிறகே பெட்டியைத் திறந்தார்.

காட்சியில் அந்தத் தடம் வெளியே தெரியும்படி சேலையை மடித்து வைத்து, "நெய்தவர் தந்தை, கட்டியவர் மகள்" என்று மட்டும் அட்டையில் எழுதியிருந்தார் அண்ணன். சளசளவென்று பேசிக்கொண்டு வந்த பெண்கள் அந்த இடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

காட்சி முடிந்தது. மாரியம்மன் நோன்பிக்கு ஊருக்கு வந்த அண்ணன், இங்கிருந்தே திருச்செங்கோடு போகலாமென்று சேலையையும் பையில் வைத்துக் கொண்டுவந்தார். வந்ததும் அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டார். அழுக்குத் துணி எடுக்கப் பையைத் திறந்த அம்மா, அந்தச் சேலையையும் கிணற்றடிக்கு எடுத்துப் போய், உவர்மண் போட்டுக் கசக்கி, நல்ல வெயிலில் காயப்போட்டுவிட்டார்கள். நான் பூ வாங்கப் போயிருந்தேன்.

அண்ணன் திரும்பி வந்து கொடியைப் பார்த்தார். அப்படியே கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சாமி, ஊரார் ஊட்டுச் சேலையை அழுக்கோட திருப்பிக் குடுத்தா நம்மளை என்ன நெனைப்பாங்க?" என்று அம்மா கேட்டார்கள். எங்கள் வீட்டு வழக்கம் அது. இரவல் வாங்கிய துணியைத் துவைக்காமல் கொடுக்க மாட்டோம், வாங்கிய பாத்திரத்தை வெறுமனே கொடுக்க மாட்டோம். அண்ணனையும் அப்படித்தான் வளர்த்தார்கள். அவர் அம்மாவைப் பார்த்து, "சரிதானுங்கம்மா. நல்லா வெளுத்திருக்குது," என்றார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்றார். அம்மா அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் நானும் வண்டியில் கூடப் போனேன். அண்ணன் பழியை யார் மேலும் போடவில்லை. "என் கையில இருக்கும்போது தொவைச்சுப்போட்டனுங்க அக்கா. வாக்குத் தவறிட்டேன்," என்றார். அக்கா சேலையை மடியில் விரித்தார். தோள்பக்கத்தைத் தேடித் தேடி விரலால் தடவினார். ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வெயிலா இருக்குதுங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க தம்பி," என்று மட்டும் சொன்னார். அந்த மோரை அண்ணன் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அதன்பின் யார் வீட்டிலிருந்தும் கட்டிய துணியை அவர் இரவல் வாங்கவில்லை. கூடத்தில் வேலை செய்தார், ஆனால் பழைய அண்ணன் இல்லை. பர்மாவிலிருந்து யாராவது வந்து சேர்ந்தார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், ஓடிப் போய் விசாரிப்பார். மாதம் தவறாமல் திருச்செங்கோடு போய், "சேதி ஏதாச்சும் உண்டுங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு வருவார். "உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதுங்களா? மஞ்சக் கறை போனா மனுசன் போயிருவானா?" என்று நான் கத்தினேன். "எனக்குத் தெரியும் அம்மிணி. அந்த அக்காவுக்கு யாரு சொல்றது?" என்றார்.

பிறகு மார்புநோய் வந்தது. சேலத்து வைத்தியரும் கையை விரித்ததும் ஊருக்கே கொண்டுவந்துவிட்டோம். படுக்கையிலும் அதே கேள்விதான்.

இதைக் கேள்விப்பட்டு ஒருநாள் திருச்செங்கோட்டு அக்கா வந்தார். அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே, "தம்பி, சேதி வந்துருச்சுங்க! ரங்கூன்ல இருந்து எங்கூர்க்காரரு ஒருத்தரு வந்தாரு. அவரைப் பார்த்தாராம். சொகமா இருக்கறாராம். யுத்தம் ஓஞ்சதும் கப்பல் ஏறிருவாராம்," என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"நெசமாங்க அக்கா?"

"உங்ககிட்டப் பொய் சொல்லுவனுங்களா?"

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் எத்தனையோ காலமாகப் பார்த்ததில்லை. அன்றைக்குக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். அடுத்த காட்சிக்கு எந்தச் சுவரில் எதை வைக்கலாம் என்றுகூடப் பேசினார். சில நாட்களில், வலியில்லாமல், தூக்கத்திலேயே போய்விட்டார்.

சேதி சொன்ன அன்றைக்கே, அக்காவை வண்டியேற்றப் போனபோது, "மாமா எப்பங்க வருவாரு?" என்று நான் சந்தோஷமாகக் கேட்டேன்.

"யாரும் வரலீங்க அம்மிணி. ஒரு சேதியும் இல்லை," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டினவரைப் பத்தி இல்லாததைச் சொல்லலாமுங்களா அக்கா?"

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வார்த்தைதானுங்க சொன்னேன். பலிச்சாப் பலிக்கட்டும்," என்றார்.

அண்ணனின் நோயில் மாறி மாறிக் கண்விழித்த எங்கள் ஊராருக்கும், கடைசிவரை வந்து பார்த்த உள்ளூர் வைத்தியருக்கும், கூடத்தை ஒருநாளும் பூட்டிவிடாமல் நடத்திவரும் கல்லூரி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திருச்செங்கோட்டு அக்காவுக்கு நன்றி என்ற சொல் காணாது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதினேன். யுத்தம் முடிந்துவிட்டது. இன்றுவரை அவருக்கு ஒரு தகவலும் வரவில்லை.

இந்த மலரைப் படிக்கிறவர்களுக்கு ரங்கூனிலிருந்து திரும்பிய யாரையாவது தெரிந்திருந்தால், அங்கே மரக்கடையில் வேலை செய்த திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரைப் பார்த்தார்களா என்று தயவுசெய்து விசாரித்து எங்களுக்குச் சொல்லுங்கள். என் அண்ணன் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு போன சேதி அது. அது பொய்யாகிவிடக் கூடாது.