குமுதினி வாசித்த படக்கதை

குமுதினிக்கு அறிவித்தல் எதையும் வாசிக்கும் பழக்கம் கிடையாது. கதவில் 'இழுக்கவும்' என்று இருந்தால் ஒருதரம் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் இழுப்பாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று கணவர் சிவகுருநாதன் கேலி பண்ணுவார். கேலி பண்ண அந்த மனுஷன் இப்போது இல்லை. உலகக் கிண்ணப் பந்தாட்டத்துக்காக ஜெர்மனியின் ஹம்பேர்க் நகர் முழுக்கக் கொடி பறந்த கோடைக்கு முந்திய மாசியில், ஆஸ்பத்திரியில் காலமானார்.

மகள் சிந்துஜாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. செத்தவீட்டில் அவள் அழவில்லை. பிறகும் தகப்பனைப் பற்றி வாய் திறக்கவில்லை. குமுதினி பேச்செடுத்தால் எழுந்து அறைக்குள் போய்விடுவாள். அங்கே மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைகளோடு கிடப்பாள். அடுத்த வருடம் ஒருநாள், அப்படி ஒரு புத்தகத்தை மடியில் வைத்து அவள் விம்முவதைக் கதவிடுக்கால் கண்ட குமுதினிக்குப் பொறாமையே வந்தது. பெற்றவளிடம் சொல்லாத எதை இந்தக் கடதாசியிடம் சொல்கிறாள் என்று அறியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். எஸ்-பான் ரயிலில் இடம் கிடைத்ததும், நாமெல்லாம் புத்தகம் திறக்கிற மாதிரியே திறந்தாள். மங்காவை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும், நீங்கள் திறந்திருப்பது கதையின் முடிவு என்று அங்கே ஜெர்மன் மொழியான டொச்சில் பெரிய எழுத்தில் அச்சடித்துத்தான் இருந்தது. விளம்பரமாக்கும் என்று புரட்டிவிட்டாள்.

கடலோரத்தில் ஒரு குமர்ப்பெண் தனியே நின்றாள். பிறகு ஒரு செத்தவீடு. பிறகு கட்டிலில் அவளுடைய தகப்பன். பக்கம் போகப் போகத் தகப்பன் எழும்பி நடந்தார். மகளோ சின்னவளாகிக்கொண்டே போனாள். பழைய நினைவுகளாக்கும் என்று குமுதினி சமாதானம் சொல்லிக்கொண்டாள். கதாபாத்திரங்களின் பேச்சு ஒன்றோடொன்று ஒட்டாததற்குத் தன் அரைகுறை டொச்சின் மேல் பழியைப் போட்டாள். கடைசியில் தகப்பன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டதுகூடத் தெரியாமல் குமுதினி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அன்று பின்னேரம் புத்தகத்தை மகளிடம் கொடுத்து, தேறுதலும் சொன்னாள்.

"இதுக்கேன் பிள்ளை அழுகிறாய்? கடைசியில தகப்பன் சுகமாகி வந்திட்டார்தானே."

சிந்துஜா திகைத்தாள். விஷயம் விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம். பிறகு தாயைப் பக்கத்தில் இருத்தி, சரியான பக்கத்தால் திறந்து, தானே வாசித்துக் காட்டினாள். தகப்பன் கட்டிலில் கிடக்கும் படம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அண்டைக்கு நான் பள்ளிக்கூடம் போயிருக்கக் கூடாது அம்மா. அப்பா சாகேக்க நான் கணக்குச் சோதினை எழுதிக்கொண்டு இருந்தனான்."

இவ்வளவு காலமும் இதையா இந்தப் பிள்ளை சுமந்தாள் என்று நினைத்தபடி குமுதினி புத்தகத்தை மூடி வைத்தாள்.

"அவர்தானே உன்னைப் போகச் சொன்னவர். நீ போனபிறகு, வந்த நேர்ஸ்மார் எல்லாரிட்டையும் என்ர மகளுக்கு இண்டைக்குச் சோதினை எண்டு சொன்னவர். அவர் கடைசியாக் கதைச்சதே அதுதான்."

சிந்துஜா நெடுநேரம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அதில எனக்கு ஐன்ஸ், அம்மா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஐன்ஸ் என்றால் ஒன்று. அந்த நாட்டுப் பள்ளிகளில் அதற்கு மேல் புள்ளி இல்லை. சிவகுருநாதன் கேட்டிருக்க வேண்டிய சேதியை அவருக்கும் சேர்த்துக் கேட்டபடி, குமுதினி மகளைக் கட்டிக்கொண்டாள்.